நல்ல மூச்சுக்கு என்ன நிறம்?

1983 பிப்ரவரி மாதம், மல்லசமுத்திரத்தில், பூட்டிக் கிடந்த ஒரு கடலைக்காய் குடோனுக்குள் ஆள் நீளக் கண்ணாடித் தொட்டி வைக்கப்பட்டு, அதில் கடல் நீர் நிரப்பப்பட்டது.

ஒரு மாதம் போவதற்குள் வெள்ளிக்கிழமைகளில் அந்தத் தெருவில் சைக்கிள் நிறுத்த இடமில்லை. ஆட்டையாம்பட்டிக்காரர்கள் வேன் பிடித்து வந்தார்கள். இளம்பிள்ளைக்காரர்கள் தறியை நிறுத்திவிட்டு வந்தார்கள். மழை பொய்த்துப் போன வருடம். குடிக்கத் தண்ணீர் இல்லை. கும்பிடக் கடல் வந்துவிட்டது.

“ஊர்ப் பேருலயே சமுத்திரம் இருக்குதுங்களே. கடலாத்தா வேற எங்க போவா?” என்றார் வரிசையில் நின்ற ஒருவர். பின்னால் நின்றவர்கள் தலையாட்டினார்கள்.

கடலாத்தா லாரியில் வந்தாள். தூத்துக்குடிக்கு லோடு கொண்டுபோன வண்டி திரும்பும்போது பீப்பாய்களில் ஏற்றி வந்த தண்ணீர் அது. பீப்பாயை உருட்டி இறக்கிய டிரைவரே மறுநாள் தேங்காய் பழத்தோடு வரிசையில் நின்றார். பக்திக்கு ஞாபகம் குறைவு.

தொட்டிக்குள் பவளக்கல், அதைச் சுற்றி ஆரஞ்சும் மஞ்சளுமாகச் சில மீன்கள். தொட்டிக்குப் பக்கத்தில் நீல வேட்டியில் சமுத்திர சாமி. இயற்பெயர் தண்டாயுதபாணி. மெட்ராஸில் ஒரு பணக்கார வீட்டில் கடல் மீன் தொட்டியைப் பராமரிக்கும் வேலையில் இருந்தவர். அங்கே மீன்களைப் பார்த்துக்கொண்டார். இங்கே அவை அவரைப் பார்த்துக்கொண்டன.

அவருடைய தொழில் மூச்சுச் சோதனை. தொட்டித் தண்ணீரை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் மொண்டு, ‘ஆத்தா கண்ணீர்’ என்று ஒரு குப்பியிலிருந்து சில சொட்டு விடுவார். தண்ணீர் நீலமாகும். சந்தேகப்பட்ட ஆள் பப்பாளி இலைக்காம்பில் வெட்டிய குழலைக் கிண்ணத்தில் வைத்து ஊத வேண்டும். ஊத ஊத நீலம் பச்சையாகும், பச்சை மஞ்சளாகும். மஞ்சளானால் மூச்சில் விஷம். அந்த மூச்சு பட்டால் பால் வற்றும், பயிர் கருகும். பிறகு காணிக்கை. காணிக்கை வந்ததும் ‘ஆத்தா பால்’ என்று வேறொரு குப்பியிலிருந்து கொஞ்சம் ஊற்றுவார். மஞ்சள் மறுபடி நீலமாகிவிடும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

யாரும் ஒரு சின்ன விஷயத்தைக் கவனிக்கவில்லை. குழலில் வாய் வைத்தவர்கள் எல்லாம் மருமகள்கள், பண்ணையாட்கள், தாலியறுத்தவர்கள். பெரிய மனிதர் ஒருவரும் ஊதியதில்லை. காரணம் எச்சில். சொம்பில் வாய் படாமல் அண்ணாந்து குடிக்கிற ஊர் இது. கண்டவர் வாய் வைத்த குழலில் கவுண்டர் வீட்டுப் பெரியவர் வாய் வைப்பாரா? சாமி வைத்திருந்தது ஒரே குழல். அது அவருக்கு வசதியாக இருந்தது.

குப்பாயி தன் மருமகள் சௌந்திரத்தை அங்கே அழைத்து வந்த கதை இதுதான். அவர்கள் தோட்டத்தில் ரிக் வண்டி வைத்து மூன்று இடத்தில் போர் போட்டார்கள். மூன்றிலும் புழுதிதான் பறந்தது. மூன்று தடவையும் ரிக் ஆட்களுக்கு டீ கொண்டுபோனவள் சௌந்திரம். “பக்கத்துல நின்னு பெருமூச்சு உட்டா. தண்ணி ஓடியே போயிருச்சு” என்று குப்பாயி கண்டுபிடித்தாள். தேங்காயை உள்ளங்கையில் நிறுத்தி நீரோட்டம் பார்த்து இடம் குறித்துக் கொடுத்தவரும் அங்கேதான் நின்றார். அவர் மூச்சைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

இரண்டு வெள்ளிக்கிழமை சௌந்திரம் ஊதினாள். இரண்டும் மஞ்சள். மூன்றாவதும் மஞ்சளானால் அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவது, மகன் அப்புசாமிக்கு வேறு பெண் கட்டுவது என்று முடிவாகிவிட்டது. பெண்கூடப் பார்த்தாயிற்று. அப்புசாமி என்ன நினைத்தான் என்று யாரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

மூன்றாவது வெள்ளிக்கிழமை சௌந்திரத்தின் அக்கா பெரியநாயகி சேலத்திலிருந்து வந்து இறங்கினாள். கணவனோடு ஜவ்வரிசி ஆலை நடத்துகிறவள். மரவள்ளிக் கிழங்கு கொண்டுவருகிற வண்டிக்காரர்களோடு தினமும் சண்டை போட்டுத் தொண்டை கனத்தவள். ஒரு துணிப்பையை இடுக்கிக்கொண்டு நேரே முன்வரிசைக்குப் போனாள்.

“சாமி, ஒரு சந்தேகமுங்க. கெட்ட மூச்சு மஞ்சளு. நல்ல மூச்சு ஊதுனா என்ன நெறமுங்க?”

“நீலமாவே நிக்கும், அம்மணி.”

“அப்படி நீலமா நின்னு பாத்திருக்கீங்களா?”

சாமி கண்களை மூடிக்கொண்டார். “ஆத்தா சன்னதியில கேள்வி கேக்கப்படாது.”

“கேள்வி இல்லீங்க. நல்ல மூச்சு ஒண்ணை ஒருக்காப் பாத்துப்போட்டாத்தானே எந்தங்கச்சி மூச்சு கெட்டதுன்னு மனசு ஒப்பும். எங்க ஆலைல ஒரு மூட்டை மாவு கருப்புன்னு சொல்லோணும்னா பக்கத்துல வெள்ளை மாவு வெச்சுத்தான் சொல்லுவோம்.”

“பெரியவங்க எச்சில் குழல்ல வாய் வெக்க மாட்டாங்க, கண்ணு.”

பெரியநாயகி பையைக் கவிழ்த்தாள். புதிதாக வெட்டிய பப்பாளிக் குழல்கள் தரையில் உருண்டன. “ஆளுக்கொண்ணு. எச்சில் தீட்டு இல்ல. கிண்ணமும் கொண்டாந்திருக்கறேன்.”

கூட்டம் இப்போது சாமியைப் பார்க்கவில்லை. குழல்களைப் பார்த்தது. சோதனை நடக்காவிட்டால் எழுந்து போக மாட்டோம் என்ற தோரணையில் முன்வரிசை சம்மணம் போட்டது. சாமி வேறு வழியின்றிக் கிண்ணங்களில் தண்ணீர் மொண்டு, கண்ணீரைச் சொட்டினார். எல்லாம் நீலம்.

முதலில் குழலை எடுத்தவன் அம்மாவோடு வந்திருந்த அப்புசாமி. குப்பாயி அவன் கையைப் பிடித்தாள். அவன் விடுவித்துக்கொண்டு ஊதினான். மஞ்சள்.

“புருசன் பொஞ்சாதியாச்சே. ஒட்டிக்கிருச்சு” என்றார் சாமி, சட்டென்று.

“நான் ஒட்டலீங்களே, சேலத்துல இருக்கறேன்” என்று பெரியநாயகி ஊதினாள். அதுவும் மஞ்சள்.

“கூடப் பொறந்த ரத்தம்.”

“சரிங்க. அத்தை, நீங்க ஊதுங்க. நீங்க எங்க ரத்தமில்ல.”

குப்பாயிக்கு ரோஷம் வந்துவிட்டது. “எம்மூச்சுக்கு என்ன? வெள்ளி செவ்வாய் கவுச்சி தொடாதவ நானு” என்று குழலைப் பிடுங்கிக் கன்னம் உப்ப ஊதினாள். அவள் கிண்ணம்தான் எல்லோருடையதையும்விட வேகமாக மஞ்சளானது.

யாரோ சிரித்தார்கள். குப்பாயி குழலைக் கீழே போட்டுவிட்டுச் சாமியைப் பார்த்தாள். “ஏனுங் சாமி, எனக்குமா?”

“ஒரே ஊட்டுச் சோறு...”

“போதுமுங்க” என்றார் மணியன். சந்தையில் மாட்டுத் தரகு பார்க்கிறவர். பண்ணையாள் ஒருவனைச் சோதனைக்கு அனுப்பி வேலையை விட்டு நிறுத்தியவர். “இனி நீங்க ஊதுங்க.”

சாமி குழலை வாயில் வைத்தார். நெடுநேரம் வைத்திருந்தார். கிண்ணத்தில் ஒரு குமிழிகூட வரவில்லை. ஆனால் தண்ணீர் மட்டம் இறங்கியது. அவர் ஊதவில்லை, உறிஞ்சிக்கொண்டிருந்தார். கடல் நீர் தொண்டையில் இறங்கி, சமுத்திர சாமி சமுத்திரத்தையே துப்பினார்.

இருமல் நின்றதும் இரண்டு பேர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். இந்த முறை ஊதினார். எலுமிச்சை நிறம்.

“மனுசன் மூச்சே அப்படித்தானோ?” என்று ஒருவர் போய்ச் சைக்கிள் பம்பு எடுத்து வந்தார். மனிதர்கள் ஊதிய நேரத்தைவிட அதிக நேரம் அடித்தார். கிண்ணம் நீலமாகவே இருந்தது. அந்தக் குடோனில் பாவமே செய்யாத ஒரே பிறவி அந்தப் பம்புதான்.

ஆத்தா கண்ணீர் என்பது வீட்டில் கடல் மீன் வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் மருந்து. கடல் நீரில் எப்போதும் கொஞ்சம் காரத்தன்மை இருக்க வேண்டும். குறைந்தால் மீனுக்கு ஆகாது. பி.எச். என்று அதை அளந்துகொண்டே இருப்பார்கள். காரம் இருந்தால் மருந்து நீலம் காட்டும், புளிப்பு ஏறினால் மஞ்சள் காட்டும். நாம் விடும் மூச்சில் சோடா பாட்டிலில் அடைக்கிற வாயு இருக்கிறது. தண்ணீரில் கரைந்தால் அது புளிப்பு. ஆத்தா பால் என்பது சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிய வைத்த நீர். அது புளிப்பை முறித்துவிடும். கூட்டம் அதிகமான நாட்களில் மூடிய குடோனில் மூச்சுக் காற்று தேங்கி மீன்கள் வாடும்போது, “ஆத்தா காத்து கேக்குறா” என்று சாமி பின்கதவைத் திறந்துவிடுவார். அவருக்கு எல்லாம் தெரியும். மீனுக்கு ஆகாத காற்றை மீன்களே காட்டிக்கொடுத்தன. அத்தனை மனிதர்களில் ஒருவருக்கும் அது புரியவில்லை.

அறிவியல் தெரியாததில் வெட்கமில்லை. பெரியநாயகிக்கும் அது தெரியாது. அடுத்தவர் வீட்டுப் பெண்ணின் மூச்சில் விஷம் என்று கேட்டதும், நம் மூச்சையும் ஒரு தடவை ஊதிப் பார்க்கலாமே என்று தோன்றாமல் போயிற்றே, வெட்கம் அங்கே இருக்கிறது. இனி எவராவது உங்களிடம் ஒருத்தியைக் காட்டி அவள் ஆகாதவள் என்றால், முதலில் சொல்கிறவர் கையில் குழலைக் கொடுங்கள்.

தண்டாயுதபாணி அன்று மாலையே நாமக்கல் பக்கம் போகிற ஒரு வண்டியில் ஏறிப் போனார். தொட்டியைக் கவனிக்க ஆளில்லாமல் மீன்கள் செத்தன. குப்பாயி சௌந்திரத்திடம் மன்னிப்புக் கேட்கவில்லை. பார்த்து வைத்த பெண்ணைப் பற்றி அப்புறம் பேசவுமில்லை.

வைகாசியில் அப்புசாமி தோட்டத்தில் நான்காவதாக ஒரு போர் போட்டார்கள். சௌந்திரம் ரிக் ஆட்களுக்கு டீ கொண்டுபோனாள். தண்ணீர் வரவில்லை. அவளை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.