சாவி கிள்ளானுக்குப் போயிற்று

ஊரைத் திருத்தக் கிளம்பியவர்களில் பூட்டண்ணனைப் போல் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டவர் வேறு எவருமில்லை.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் நாங்கள் நான்கு பிரம்மச்சாரிகள் ஒரே வீட்டில் இருந்தோம். மூத்தவர் அவர், ஸ்டோர் கிளார்க். "என்ன திங்கலாம்னு யோசிக்கிறவன் ஆபீஸ் போறதுக்குள்ள களைச்சிடுவான்" என்பது அவர் சித்தாந்தம். அதனால் வருஷம் முழுக்கக் காலையில் உப்புமாதான். சர்க்கரை டப்பாவுக்குப் பூட்டு. சீட்டுக்கட்டுக்குப் பூட்டு. ஞாயிறு மத்தியானம் பாய்க்கும் பூட்டு, படுத்தால் எழமாட்டோமாம்! நாங்கள் என்ன கைதிகளா?

அந்த வருஷம் எனக்குத் தந்திப் பரீட்சை. ஏற்கெனவே ஒருமுறை கோட்டை விட்டிருந்தேன். மறுபடி தவறினால் வேலை போய்விடும். படிக்க ஒரு வாரம் லீவு போட்டேன். பார்த்து அந்த வாரம்தானா பங்சவான் என்கிற மலாய் நாடகக்காரர்கள் வந்து கொட்டகை போடவேண்டும்? மாலையானால் என் கால் நிற்கவில்லை.

"தம்பி, படிக்கணும்னு காலையில முடிவு பண்றவன் ஒருத்தன். சாயங்காலம் நாடகத்துக்குப் போறவன் வேற ஒருத்தன். அந்த ரெண்டாவது ஆளை நம்பாதே" என்று சொல்லி, என் கால்சட்டை எல்லாவற்றையும் தம் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். கைலியோடு நாடகம் பார்க்கப் போனால் கிளார்க்கின் மானம் என்னாவது?

"அண்ணே, ஒரே ஒரு நாளு லா. சாவியக் குடுங்க."

"எங்கிட்ட ஏது? நீ கெஞ்சினா எனக்கு மனசு இளகிடும். அதான் ரயில் கார்டுகிட்ட குடுத்து கிள்ளானுக்கு அனுப்பிட்டேன். பரீட்சையன்னைக்கு முதல் வண்டியில வந்துடும்."

தம்மையே நம்பாத மனிதர் கிள்ளான் வண்டியை நம்பினார்! ரயில்வேக்காரன் செய்கிற காரியமா இது?

பரீட்சையன்று தண்டவாளத்தில் எருமை படுத்துக்கொண்டது. வண்டி வரவில்லை. சுத்தியலால் பெட்டியை உடைக்கப் பார்த்தேன். ரயில்வே பூட்டு, சுத்தியலின் பிடிதான் உடைந்தது. மற்ற இருவரும் வேலைக்குப் போய்விட்டார்கள்; அவர்களுடைய மாற்று உடுப்பு வண்ணான் வீட்டில். கைலியோடு நின்று வாய்க்கு வந்தபடி அவரை ஏசினேன்.

ஆபீஸுக்குக் கிளம்பி நின்ற பூட்டண்ணன் உள்ளே போனார். கைலி கட்டிக்கொண்டு வந்து, போட்டிருந்த கால்சட்டையை நீட்டினார்; அவருடைய மற்றவையும் அதே பெட்டிக்குள்தான். என்னைப் போல் இருவர் நுழையலாம்.

"இடுப்புல கயிறு கட்டிக்க. ஓடு."

"நீங்க ஆபீஸ் போகணுமே?" ஒருநாள்கூட லீவு எடுக்காத மனிதர் அவர்.

"எனக்கு ஏச்சோட போயிடும். உன் வேலை போனா வராதுடா."

இடுப்பில் கால்சட்டையைப் பிடித்த கையை விடாமலே பரீட்சை எழுதினேன். தேறினேன். பிறகு வந்த கல்யாணம், பிள்ளைகள், வீடு எல்லாம் அந்த வேலையில் வந்தவைதான்.

ஆனாலும் அவரை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. கிறுக்கு மனிதர், சுத்தக் கிறுக்கு என்று யாரிடமும் அடித்துச் சொல்வேன். கேட்பவன் "ஆமாம், கிறுக்குத்தான்" என்று ஒத்துப் பாடினால் மட்டும் அவனோடு சண்டைக்குப் போய்விடுகிறேன்.