பேட்டரி சாரின் இடது பக்கக் கவர்

பெங்களூரில் கைக்குழந்தையோடு வருகிறவர்கள்கூட எங்கள் பேட்டரி சார் அளவுக்குப் பதமாகப் படியேறி நான் பார்த்ததில்லை. காக்ஸ் டவுனில் எங்கள் அலுவலகம் மூன்றாவது மாடி. லிஃப்ட் குலுங்கும் என்று அவர் அதில் ஏற மாட்டார். கையில் பச்சை ஒயர் கூடை. அதற்குள் மோட்டார் சைக்கிளிலிருந்து கழற்றிய பேட்டரி. மேசைக்கடியில் குனிந்து அதை சார்ஜரில் மாட்டிய பிறகுதான் நாற்காலியில் உட்காருவார். மாலையில் அதே மரியாதையோடு பேட்டரி கீழே இறங்கும்.

கோயம்புத்தூரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த பெண் ஒருநாள் கூடையைப் பார்த்து மூக்கைச் சுளித்துக்கொண்டு, "சார், உங்க லஞ்ச் கெட்டுப்போச்சாட்ட இருக்குதுங்க" என்றாள்.

"இது சாப்பிடறது இல்லம்மா. டிஸ்டில்டு வாட்டர் மட்டும் குடிக்கும்" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

அவருடைய பழைய வண்டி ஓடும்போது பேட்டரி சார்ஜ் ஆகாது. ஆபீசில் ஏற்றிய கரன்ட்டை வைத்துத்தான் வீடு போய், மறுநாள் திரும்பி வர வேண்டும். அதனால் ஹாரன் அடிக்க மாட்டார். "ஸ்வல்ப ஜருகி, குரு!" என்று கன்னடத்தில் கொஞ்சம் நகரச் சொல்லித் தொண்டையைத்தான் செலவழிப்பார். அவரைப் போல எனக்கும் வீடு லிங்கராஜபுரத்தில் என்பதால் பின்சீட் எனக்கு. வலது பக்கம் திரும்ப அவர் கை நீட்டுவார், இடது பக்கம் நான் நீட்ட வேண்டும். எனக்குச் சம்பளமில்லாத இண்டிகேட்டர் உத்தியோகம்.

பழுது பார்க்கவில்லையா என்றால், பார்த்தார். பேட்டரி புதிது, ரெக்டிஃபையர் புதிது, ஒயரிங் முழுக்கப் புதிது. எந்த மெக்கானிக்கிடம் போனாலும் ஒரே ஒரு நிபந்தனை: எஞ்சினின் இடது பக்கக் கவரைத் திறக்கக் கூடாது. பல் டாக்டரிடம் போய் வாயை மட்டும் திறக்க மாட்டேன் என்கிற கதைதான். மெக்கானிக்குகள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

காரணம் எனக்குத் தெரியும். கரன்ட் உண்டாக்கும் காயில் என்ற கம்பிச் சுருள் அந்தக் கவருக்குள்தான் இருக்கிறது. அது ஒருமுறை எரிந்துபோய், கடையில் புதிது கிடைக்காமல், அவர் மனைவி வீட்டிலேயே செம்புக் கம்பி சுற்றிக் கொடுத்தார். அந்த அம்மா மோட்டார் கம்பெனியில் காயில் சுற்றும் வேலை பார்த்தவர். அவர் சுற்றிய காயில் பல வருஷம் ஓடியது. அவர் காலமான பிறகுதான் சார்ஜிங் குறைய ஆரம்பித்தது. கவரைத் திறந்தால் என்ன தெரியும் என்பது சாருக்கும் தெரியும்.

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், விளக்கைப் போட்டே ஊர்ந்ததில் பேட்டரி தீர்ந்து, மேம்பாலத்தின் நடுவில் வண்டி பொட்டென்று அணைந்தது. பின்விளக்கும் இல்லை. ஒரு லாரி எங்களை உரசுகிற மாதிரி கடந்து போனது. தள்ளிக்கொண்டு வீடு சேர்ந்தபோது அவருடைய மகள் வாசலில் நின்றாள்.

"அப்பா, அம்மா போயிட்டாங்க. நீயும் ரோட்ல போயிட்டா நான் எங்க போவேன்? காயில மாத்து. இல்ல, நாளைக்கே வண்டிய வித்துடறேன்."

அவர் துண்டால் முதலில் பேட்டரியைத் துடைத்தார். பிறகுதான் தன் தலையை.

மறுநாள் யூசுஃப் பாயின் பட்டறைக்கு நானும் கூடப் போனேன். பாய் வெளியே வரும் ஒயரில் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"சார், பேட்டரி ஷோக்கா கீது. ரெக்டிஃபையரும் புச்சு. காயிலு கரன்ட்டே குடுக்கல. தொறக்கட்டுமா, வேணாமா? இப்பவே சொல்லிடு."

சார் வண்டியின் இடது பக்கம் குந்தி உட்கார்ந்தார். "நானே தொறக்கறேன் பாய்" என்று ஸ்பேனரை வாங்கினார்.

உள்ளே காயிலில் பாதி கருகியிருந்தது. மீதிச் சுற்றுகள் இன்னும் மினுமினுவென்று, ஒன்றையொன்று ஒட்டி வரிசை தப்பாமல் இருந்தன. கம்பி முனையைத் தையல் நூலால் கட்டியிருந்தார் அந்த அம்மா. நீல நூல்.

"அவ சுத்தறப்ப யாரும் பேசக் கூடாது. எண்ணிக்கை தப்பிடும்னு மொறைப்பா. நானும் பாப்பாவும் அன்னைக்கு அப்பளத்தக்கூட சத்தமில்லாம கடிச்சோம்" என்றார் சார்.

பாய் சிரிக்கப் போய், நிறுத்திக்கொண்டார். "சார், கருகினத மட்டும் அவுத்து நான் சுத்தறேன். மிச்சம் அப்டியே இருக்கட்டும்."

"நிக்குமா பாய்?"

பாய் பொய் சொல்லவில்லை. "கேரண்டி இல்ல சார்."

சார் மகளை நினைத்திருக்க வேண்டும். "அப்ப புதுசாவே சுத்திப் போடுங்க. வேற இரும்புக் கட்டைல சுத்துங்க. இந்தப் பழசு எனக்கு வேணும்" என்றார்.

இப்போது வண்டிக்கு விளக்கு எரிகிறது, ஹாரன் அலறுகிறது. என் உத்தியோகம் போனது. ஆனால் ஆயுத பூஜையன்று சார் மறுபடியும் பச்சைக் கூடையோடு படியேறியபோது ஆபீசே திகைத்தது. எல்லோரும் கீழே வண்டிச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் அவர் பின்னால் போனேன். அவர் தன் மேசையில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, பாதி கருகிய அந்தக் காயிலை எடுத்து வைத்தார். குங்குமம் இட்டார். சட்டைப் பையில் தேடினார். பூ கொண்டுவர மறந்திருந்தார்.

என் வண்டிக்கென்று வாங்கிய செவ்வந்திச் சரத்தை அதற்குப் போட்டேன். என் வண்டி அந்த வருஷம் பூவில்லாமலே ஓடியது, நன்றாகத்தான் ஓடியது.