பெரிய வியாழனன்று என் அப்பா விட்ட உதை

உபதேசியாரே, நீங்கள் சொன்னது பொய். என் அப்பா அன்றைக்குக் குடித்திருக்கவில்லை. அது உங்களுக்கு அப்போதே தெரியும்.

போன மாதம் நம் கோயிலின் பங்கு விழா மேடையில் அந்தக் கதையை மறுபடியும் சொன்னீர்கள். மதுவிலக்கு வந்த புதிதில் ஒரு வாத்தியார் குடித்துவிட்டு வந்து சாமியாரையே உதைத்தாராம். கூட்டம் சிரித்தது. யாரைச் சொல்கிறீர்கள் என்று தெரியாமல் என் பேரப்பிள்ளைகளும் சிரித்தார்கள். உதைத்தது நிஜம். சிரிப்பு வரும் கதைதான், மறுக்கவில்லை. அதனால் முழுக் கதையையும் நானே எழுதிவிடுகிறேன்.

அப்பா மயிலாப்பூரில் டிரில் வாத்தியாராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு நடுக்குவாதம் வந்தது. வலது கை சும்மா இருக்காது. நாற்காலியை விட்டு எழ நேரமாகும். எழுந்தபின் முதல் அடி எடுத்துவைக்க இன்னும் நேரமாகும். பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிடுவார், சோறு பிசைந்த கையோடுகூட. ராத்திரியானால் தூக்கத்திலேயே கத்துவார், குத்துவார், உதைப்பார். அம்மா தன் பாயைக் கட்டிலுக்கு எட்டாத இடத்துக்குக் கொண்டுபோய்விட்டாள். (புருஷன் பெண்டாட்டி சண்டை என்று பக்கத்து வீட்டில் நினைத்துக்கொண்டார்கள்.) விழித்திருக்கும்போது வாசற்படி தாண்டாத கால், தூக்கத்தில் மட்டும் டிரில் வாத்தியாரின் பழைய காலாக எப்படி மாறியது என்பது எனக்கு இன்றுவரை ஆச்சரியம்.

பெரிய வியாழன் பிற்பகலில் எங்கள் கோயிலில் பாதம் கழுவும் சடங்கு நடக்கும். பங்கிலுள்ள வயதானவர்கள் பன்னிரண்டு பேர் சீடர்களாகப் பீடத்துக்கு முன்னால் உட்காருவார்கள். சாமியார் மண்டியிட்டு ஒவ்வொருவர் பாதத்தையும் கழுவி, துடைத்து, முத்தமிடுவார். சாமியாருக்கு உதவியாகக் கோயில் காரியங்களைப் பார்க்கிற நீங்கள்தான் யார் உட்காருவது என்று முடிவு செய்கிறவர். ஒரு தடவையாவது அங்கே உட்கார வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. பங்கில் பாதிப் பேரை வெயிலில் நிறுத்தி டிரில் வாங்கியவர், நோய் வந்தபின் யாரும் எதற்கும் கூப்பிடாத ஆளாகிவிட்டார். நான் உங்களிடம் வந்து சண்டை போட்டேன். எனக்கு இருபது வயது. உலகத்தைத் திருத்துவதற்கென்றே பிறந்தவள் என்று நினைப்பு.

நீங்கள் வீட்டுக்கு வந்து பார்த்தீர்கள்.

"இன்னா வாத்தியாரே, கை தந்தியடிச்சிக்கினே கீது? ஜனம் சாமியாரைப் பாக்குமா, உன் கையைப் பாக்குமா?"

நடுக்கம் நின்றால் இடம் உண்டு என்றீர்கள். எந்தக் கம்பவுண்டரிடம் போக வேண்டும் என்று சொன்னதும் நீங்கள்தான். அவர் ஒரு டிஞ்சர் கொடுத்தார், சாராயத்தில் ஊறிய மருந்து; மதுவிலக்கு வந்ததிலிருந்து சிலர் குடிப்பதற்கென்றே வாங்கியது. வியாழனன்று அப்பாவை அழைத்துப்போக நீங்கள் வந்தபோது மூடியைத் திறந்தேன். கூடமெல்லாம் சாராய நெடி. பாட்டிலை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "காரமாத்தான் கீது, இன்னும் கொஞ்சம் வுடு" என்றீர்கள். நானும் தாராளமாகவே விட்டேன். (அந்த வயதில் எனக்கு மருந்தும் சாம்பாரும் ஒன்று. நிறைய ஊற்றினால் நல்லது.)

கை நின்றது. கோயிலில் பெண்கள் பக்கத்திலிருந்து நான் எல்லோருக்கும் அந்தக் கையைக் காட்டிக்கொண்டிருந்தேன். அதற்குள் அப்பாவின் தலை மார்பில் சாய்ந்துவிட்டது. சீடர்கள் தூங்கிப்போனதாக வேதத்திலேயே இருக்கிறதே என்று சமாதானம் செய்துகொண்டேன்.

சாமியாருக்கு நீளமான தாடி. அவர் குனிந்து முத்தமிடும்போது தாடி அப்பாவின் பாதத்தில் உரசியது. அவ்வளவுதான். பல வருடமாகப் பகலில் நாங்கள் பார்க்காத வேகத்தில் அந்தக் கால் கிளம்பியது. சாமியார் தண்ணீர்ப் பாத்திரத்தில் உட்கார்ந்தார். அந்தச் சத்தத்தில் அப்பா விழித்தார்.

"மன்னிக்கணும் சாமி. தெரு நாய் கால நக்குதுன்னு நெனைச்சிட்டேன்."

உதையே தேவலை.

இவரை யார் உட்கார வைத்தது என்று சாமியார் கேட்டார். நீங்கள் அப்பாவின் வாயருகே மூக்கைக் கொண்டுபோனீர்கள். என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஊத்திக்கினு வந்துகீறாரு சாமி."

மருந்து, மருந்து என்று நான் கத்தினேன். "இப்ப எல்லாருக்கும் அதாம்மா மருந்து" என்றது ஆண்கள் பக்கத்தில் ஒரு குரல். கோயில் என்றும் பாராமல் சிரித்தார்கள்.

அப்பா அதன்பிறகு கோயிலுக்கு வரவில்லை. சாமியார் நல்ல மனுஷர், வீட்டுக்கே வந்து நற்கருணை கொடுத்தார். (கட்டிலில் கால்மாட்டுப் பக்கம் மட்டும் நிற்கமாட்டார்.) இந்த நோய்க்காரர்களில் சிலர் பகலில் தூங்கி வழிவார்கள், கனவில் நடப்பதை உடம்பாலேயே செய்வார்கள் என்று ரொம்ப காலம் கழித்து ஒரு டாக்டர் சொன்னார். அதைக் கேட்க அப்பா உயிரோடு இல்லை. எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாராவது தூக்கத்தில் காலை வீசினால், "சாமியார் வந்துட்டாரா?" என்று கேட்போம். அது எங்கள் சிரிப்பு. அதில் சாராயம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பூசை முடிந்து வீடு திரும்பினால் அப்பா ஒன்றுதான் கேட்பார்: "உபதேசியார் ஏதாவது சொன்னாரா?" சாகும்வரை கேட்டார். இல்லை என்று சொல்லிச் சொல்லி அம்மாவுக்கு அலுத்துவிட்டது.

உங்களுக்கு எண்பது ஆகப்போகிறது. குரல் இன்னும் கணீரென்று இருப்பதைப் போன மாதம்தான் எல்லோரும் கேட்டோம். வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் அதே மைக்குக்கு முன்னால் வந்து நில்லுங்கள். அந்த பாட்டிலை முகர்ந்து பார்த்தீர்களா, இல்லையா? எல்லோருக்கும் கேட்கும்படி பதில் சொல்லுங்கள்.