அத்தான் கடைசியாக இறுக்கிய போல்ட்

பதுளை,
சனிக்கிழமை, பிற்பகல் 3.20.

என் மதிப்பிற்குரிய அக்கா தனலெட்சுமி அவர்களுக்கு, தம்பி கிருஷ்ணராஜ் வணக்கம் சொல்லி எழுதுவது.

இங்கே நான் சுகம். முழங்கால் மட்டும் மழைக்கு முன்னால் வலிக்கிறது. ஆகையால் வானிலை அறிக்கை கேட்பதை விட்டுவிட்டேன். வத்தளையில் நீங்களும் மகள் சிவரூபியும் அந்த வெக்கையிலும் நலமாக இருக்க வேண்டும். பஸ்ஸில் கொடுத்தனுப்பிய வெலிமடைக் கரட் வந்து சேர்ந்ததா என்று எழுதவும்.

நேற்று நீங்கள் அனுப்பிய குரல் செய்தியை மூன்று தடவை கேட்டேன். "கார் இன்னுமா போகல? வர்ற வெள்ளிக்கிழமை குடுக்கிறதா அந்த மனுசனுக்கு வாக்குச் சொல்லியிருக்கேன் ராஜு, என் பேச்சைக் கெடுத்துறாத" என்கிறீர்கள். தொலைபேசியில் பதில் சொல்லத் தொடங்கினால் இரண்டாவது வசனத்திலேயே குறுக்கே பேசுவீர்கள் என்பதால், நடந்ததை நடந்தபடி தாளில் தருகிறேன்.

காரை வாங்கப்போகிற, எல்லயில் விடுதி நடத்தும் ஆகில் நல்ல மனுஷர்தான். நம்முடைய மொறிஸ் மைனரை விடுதி வாசலில் நிறுத்தி வைத்தால் வருகிற வெள்ளைக்காரர்கள் படம் எடுப்பார்கள் என்பது அவர் கணக்கு. ஆனால் கார் தன் சொந்தக் காலில் எல்லவுக்கு வந்து சேர வேண்டும், லொறியில் ஏற்றி வந்தால் அது பிணம் என்று சொல்லிவிட்டார். நாலு வருடம் ஷெட்டில் நின்ற காரின் பெற்றரி செத்துக் கிடந்தது. புதுப் பெற்றரி வாங்கி வந்து விறாந்தையில் வைத்தாயிற்று. பழையதைக் கழற்ற வேண்டும், அதைக் கழற்ற முனையில் கேபிளைக் கவ்வியிருக்கும் கிளம்பைத் தளர்த்த வேண்டும், கிளம்பைத் தளர்த்த ஒரே ஒரு போல்ட்டைத் திருப்ப வேண்டும். அந்த ஒரு போல்ட்தான் இந்த ஒரு வாரமாக என் வாழ்க்கை.

திங்கட்கிழமை காலை 9.10க்கு பஸார் பக்கத்து மெக்கானிக் றிஸாத் வந்தார். பொனெட்டைத் திறந்தவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். போல்ட்டின் தலையில் ஆயுத பூசைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன, அதைச் சுற்றிப் பச்சையாகப் பூத்திருந்தது. "சேர், சாமிப் பொட்டு இருக்கே. நான் எப்புடிச் சொரண்டுறது? நீங்களே எடுத்துத் தாங்க" என்றார். வெந்நீரும் துணியும் கொண்டுவந்து நானே துடைத்தேன். இருபது நிமிடம் ஆனது. பொட்டு போய்விட்டது, போல்ட் போகவில்லை. அப்பச்சோடா கரைத்து ஊற்றினோம், பச்சை நுரைத்துக் கரைந்தது, இரும்பு பளிச்சென்று தெரிந்தது, அசையவில்லை. மண்ணெண்ணெய் விட்டுவிட்டு றிஸாத் ஹாலில் உட்கார்ந்து பால் விடாத பிளேன்டி குடித்துப் போனார்.

புதன்கிழமை அவர் சொன்ன விபரம் இது: போல்ட் அரை இன்ச் கணக்கில் செய்தது, அவரிடம் இருக்கும் ஸ்பெனரெல்லாம் மில்லிமீற்றர். பன்னிரண்டு நுழையவில்லை, பதின்மூன்று நுழைந்து சறுக்குகிறது. இரண்டு தடவை சறுக்கியதில் ஒரு மூலை மழுங்கிவிட்டது, அவருடைய விரல் முட்டி ஒன்றும் தோல் உரிந்துவிட்டது. அத்தான் ஸ்பெனர்களைச் சுற்றி வைத்த பழைய துணிச் சுருட்டைக் காரின் பின்னாலிருந்து எடுத்து விரித்தோம். எல்லா அளவும் இருக்கிறது, அரை இன்ச் மட்டும் இல்லை. எங்கே போனதென்று தெரியவில்லை. உங்களுடைய வத்தளைப் பெட்டிகளில் இருக்கிறதா என்று பார்க்கவும்.

இந்தச் சமயத்தில் ஓட்டோக்காரன் தம்பையா வந்து சேர்ந்தான். ஞாபகம் இருக்கும்: அத்தான் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சராக இருந்தபோது, லயத்திலிருந்து அவன் அம்மாவைப் பதுளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி வர, தெமோதரை வளைவில் இதே காரின் பின் சீட்டிலேயே பிறந்தவன். பிறப்புச் சான்றிதழில் ஆஸ்பத்திரி என்று எழுதியிருப்பது பொய் என்று இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறான். போல்ட்டில் கோலா ஊற்றச் சொன்னான். ஊற்றினோம். எறும்பு வந்தது. அப்புறம் பின் கதவைத் திறந்து சீட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "நான் பொறந்த எடத்த விக்கிறீங்களே ஐயா, என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்றான். அந்தக் காரில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனவர்களை அத்தான் எண்ணியதில்லை, நானும் எண்ணவில்லை. மழைநாளில் கண்ணாடித் துடைப்பான் வேலை செய்யாதபோது நான் ஜன்னல் வழியாகக் கையை நீட்டித் துணியால் துடைத்துக்கொண்டே வந்ததும், நீங்கள் பின்னாலிருந்து "வலது பக்கம் தொடைடா, வலது பக்கம்" என்று சத்தம் போட்டதும் மட்டும் நினைவிருக்கிறது.

இன்று காலை றிஸாத் மூன்றாம் முறை வந்தார். கேபிளை வெட்டிவிட்டுப் புதுக் கிளம்ப் போட்டால் கால் மணித்தியால வேலை என்றார். நான் மறுத்தேன். ஒரு போல்ட்டுக்காக நல்ல கேபிளை வெட்டுவது முறையல்ல என்று காரணம் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஹாலில் அதே நாற்காலியில் உட்கார்ந்து பிளேன்டி குடித்தார்.

ஆகவே அக்கா, மனித முயற்சியில் குறைவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் கார் புறப்பட வழியில்லை என்பதை ஆகிலுக்கு நீங்களே பக்குவமாகச் சொல்லி, தைப்பொங்கல் கழியட்டும் என்று கேட்டுக்கொள்ளவும். கதிர்காமத்து முருகன் உங்களையும் சிவரூபியையும் நோய்நொடியின்றி வைத்திருக்கட்டும். சீனி வருத்தத்துக்கு மாத்திரையை நேரத்துக்குப் போடவும்.

இப்படிக்கு,
உங்கள் சொல்லைத் தட்டாத தம்பி,
கிருஷ்ணராஜ்

பி.கு.: கவரை ஒட்டப்போனவன் திரும்ப விரித்து எழுதுகிறேன். அரை இன்ச் ஸ்பெனர் காணாமல் போகவில்லை. சாமி அறையில், சரஸ்வதி படத்துக்குக் கீழே, சிவப்புத் துணியில் இருக்கிறது. அந்த ஆயுத பூசையன்று காலையில் அத்தான் இந்த போல்ட்டை இறுக்கினார், தன் விரலால் பொட்டு வைத்தார், சுருட்டை அவிழ்க்கச் சோம்பல்பட்டுக் கையில் இருந்த ஸ்பெனரை மட்டும் படத்துக்கு முன்னால் வைத்தார். அன்று மாலை ஐந்தரைக்கு அவர் நம்மை விட்டுப் போய்விட்டார். மறுநாள் விஜயதசமிக்கு அதை எடுக்க யாருக்கு நினைவிருந்தது? நாலு வருடமாக விளக்கேற்றும்போதெல்லாம் பார்க்கிறேன். பொட்டைத் துடைக்க இருபது நிமிடம் ஆனதும் அதனால்தான்.

இன்று புறப்படும்போது றிஸாத் வாசலில் நின்று, "அந்த நாற்காலியில இருந்தா சாமி ரூம் நல்லா தெரியுது சேர். மொத நாளே கண்டேன். நீங்களா எடுத்துத் தருவீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார். கூலி வாங்காமல் போய்விட்டார்.

பூசையில் வைத்த ஆயுதத்தை எடுத்துக் கையில் கொடுப்பது வீட்டுக்குப் பெரியவர். அத்தானுக்குப் பிறகு அது நீங்கள். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. வந்து எடுத்துக் கொடுங்கள், ஐந்து நிமிடத்தில் கழற்றிவிடுகிறேன். எல்ல வரைக்கும் நீங்கள் பின் சீட்டில் உட்காருங்கள். துடைப்பான் இன்னமும் வேலை செய்யவில்லை.