மழையில் காய்ந்த ரோஜா

அன்பும் மரியாதையும் கலந்த அண்ணி அவர்களுக்கு, உங்கள் தம்பி மனைவி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இறைவன் கருணையால் நானும் உங்கள் தம்பியும் நலம். நலமில்லாத ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உங்கள் மகளும் பச்சைக் குழந்தையும் சுகமாக இருக்கக் காலையும் மாலையும் வேண்டிக்கொள்கிறேன். இதை நின்றுகொண்டு படிக்காதீர்கள். உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் படியுங்கள்.

மகள் பிரசவத்துக்காக நீங்கள் புறப்படும்போது எங்களிடம் பார்த்துக்கொள்ளச் சொன்ன மஞ்சள் ரோஜாவை, உங்கள் தம்பிதான் உங்கள் வீட்டிலிருந்து எடுத்துவந்து எங்கள் பால்கனியில் தொட்டியோடு இறக்கினார். பார்த்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தக் குக்கர் விவகாரத்துக்குப் பிறகு (அடி கருகியது என் கைக்கு வருவதற்கு முன்பே என்று இன்றைக்கும் சாமி முன்னால் நின்று சொல்வேன்) நீங்கள் என்னை நம்பி ஒரு கரண்டிகூடக் கொடுத்ததில்லை. இப்போது ஒரு உயிரையே ஒப்படைத்திருக்கிறீர்களே! வரவில் எழுதினால் உரிமை கொண்டாடியதாக ஆகிவிடுமோ என்று கணக்கு நோட்டில் 'பிறர் பொருள்' என்று தனிப் பக்கமே போட்டேன். இந்த ஒரு செடியை நல்லபடியாகத் திருப்பிக் கொடுத்துவிட்டால் நமக்குள் இத்தனை வருஷமாக இருக்கிற மனத்தாங்கல் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். நினைப்பதோடு நிறுத்தியிருக்கலாம்.

மழை பிடிப்பதற்குள் ரோஜாவைக் கவாத்து செய்யவேண்டும் என்று கீழ்வீட்டுத் தையல்காரம்மா சொன்னார். பென்சிலைவிட மெலிந்த கிளையெல்லாம் வெட்டிவிட வேண்டும், தடித்ததை விட்டுவிட வேண்டும், அவ்வளவுதானாம். எனக்குக் கண்ணளவில் நம்பிக்கை கிடையாது, எதையும் அளந்துதான் செய்வேன். வீட்டில் தேடினால், அலமாரி அடிக்க வந்த தச்சர் மறந்துவிட்டுப்போன, மரத்தில் கோடு போடுகிற தடிப் பென்சில் ஒன்றுதான் கிடைத்தது. செடியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ஒவ்வொரு கிளையோடும் அந்தப் பென்சிலைச் சேர்த்துப் பிடித்துப் பார்த்து, மெலிந்ததையெல்லாம் நேர்மையாக வெட்டினேன். எல்லாமே மெலிந்ததாக இருந்தது. கடைசியில் தொட்டியில் துணி காயப்போட நட்ட மாதிரி இரண்டு முளைக்குச்சி நின்றது. தையல்காரம்மா வந்து பார்த்துவிட்டு எந்தப் பென்சில் என்று கேட்டார். எடுத்துக் காட்டினேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, நான் சொன்னது புள்ளைங்க எழுதுற பென்சில். இதை வச்சு அளந்தா ஆலமரம்தான் தப்பிக்கும்."

பிறகு அவரே மனமிரங்கி, தழைத்துவிடும், வெட்டுவாயில் மழைத்தண்ணீர் இறங்கி அழுகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். பார்த்துக்கொண்டேன், அண்ணி. பழைய மெத்தையைச் சுற்றிவைத்திருந்த தடித்த பிளாஸ்டிக் விரிப்பை எடுத்துத் தொட்டியோடு சேர்த்துப் போர்த்தி, கயிற்றால் சுற்றிச் சுற்றிக் கட்டினேன். அன்று சாயங்காலமே மழை பிடித்தது. விட்டபாடில்லை. என் கற்றாழையும் மணிபிளான்டும் நனைந்து நடுங்கின. நனையட்டும் என்று விட்டேன், சொந்தச் செடிக்கு வேறு நியாயம். உங்கள் செடி முன்னால் மட்டும் தினமும் நின்று ஒரு பிரார்த்தனை. இப்படியே நாள் போய்க்கொண்டிருக்கையில், விரிப்பின் மடிப்பில் தேங்கிய தண்ணீர் ஒருநாள் காற்றில் சாய்ந்து, கீழ்வீட்டுப் பால்கனியில் தைத்து முடித்து மாட்டியிருந்த ஒரு மாப்பிள்ளையின் கோட்டு மேல் மொத்தமாகக் கொட்டிவிட்டது. தையல்காரம்மா சொட்டச் சொட்டக் கோட்டோடு மேலே வந்து, முதலில் அந்த விரிப்பைக் கழற்றுங்கள் என்று நின்றார். கழற்றினேன்.

மண் வறுத்த மாவு மாதிரி இருந்தது. குச்சியைத் தொட்டேன், படக்கென்று ஒடிந்தது. ஊர் முழுக்க மழை கொட்டிய காலத்தில் உங்கள் செடி மேல் ஒரு சொட்டு விழாமல் நான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். விரிப்பைக் கட்டியபின் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மழைக்காலத்தில் யாராவது தண்ணீர் ஊற்றுவார்களா, நீங்களே சொல்லுங்கள். கோட்டைக்கூட மறந்துவிட்டுத் தையல்காரம்மா சொன்னார்:

"மீனுக்குக் குடை பிடிச்சு கொன்னுட்டீங்களேக்கா."

அந்த அதிர்ச்சியிலிருந்து நான் இன்னும் மீளவில்லை. அதைவிடப் பெரிய அதிர்ச்சி உங்கள் தம்பி. கூடப்பிறந்த அக்காவின் செடி செத்துப்போய்விட்டது என்று அழுதுகொண்டே சொல்கிறேன், மனிதர் செய்தித்தாளைத் திருப்பியபடி "சரி விடு, செடிதானே" என்கிறார். நீங்கள் வளர்த்த தம்பி, நான் என்ன சொல்ல.

எந்தச் சாக்கும் சொல்லாமல் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். திட்டித் தீர்த்துவிடுங்கள். ஆனால் மறுபடி பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். குழந்தைக்கு எங்கள் ஆசிகள், மகளுக்கு அன்பு, தங்களுக்கு வணக்கம்.

இப்படிக்கு,
தலை குனிந்து நிற்கும் தம்பி மனைவி

பின்குறிப்பு: உறை ஒட்டுவதற்குள் உங்கள் தம்பி இதைப் படித்துவிட்டார். "இதை அனுப்பாத. அக்கா செடி என் ஆபீஸ் ஜன்னல்ல இருக்கு, மூணு பூ பூத்திருக்கு" என்கிறார். உங்கள் வீட்டிலிருந்து நேரே ஆபீசுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, வரும் வழியில் நர்சரியில் வேறொன்றை வாங்கி என்னிடம் கொடுத்தாராம். நான் இத்தனை நாள் கண்ணீர் விட்டது முன்பின் தெரியாத செடிக்கு. இப்படி ஒரு யோசனை யார் கொடுத்தது என்று கேட்டேன். மின்விசிறியைப் பார்க்கிறார். சொந்த யோசனையாக இருந்தால் இந்நேரம் நாலு பேரிடம் பெருமையடித்திருப்பார். ஆகையால் மேலே கேட்ட மன்னிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அவரிடம் அப்படிச் செய்யச் சொன்னது யார் அண்ணி? உடனே பதில் எழுதவும்.