வெயில் சத்து

சீப்பில் வந்த முடியை அழகுராஜா எண்ணத் தொடங்கினான். நாற்பதைத் தாண்டியதும் நிறுத்திக்கொண்டான்.

ஆவணி முதல் வெள்ளிக்கிழமை பேரையூருக்குப் பெண் பார்க்கப் போகவேண்டும். அதற்கு இன்னும் மூன்று மாதம்தான் இருந்தது. பெண் சத்யப்ரியாவின் புகைப்படத்தில் பின்னல் தோளைச் சுற்றி வந்து மடியில் கிடந்தது. இவன் அனுப்பிய படம் நான்கு வருடம் பழையது. அதில் நெற்றி நெற்றியளவுக்கே இருந்தது.

"நாம என்ன பொய்யா சொன்னோம்? போட்டோதானடா அனுப்புனோம்" என்றாள் அம்மா ஒச்சாயி.

தோல் மருத்துவர் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தார். "வைட்டமின் டி பத்துகூட இல்ல. இருபதுக்குக் கீழ போனாலே குறைவு. என்ன வேலை பாக்குறீங்க?"

"சோலார் பேனல் கம்பெனி, டாக்டர்."

மருத்துவர் காகிதத்தை இன்னொரு முறை பார்த்தார். அழகுராஜா காலை எட்டு மணிக்கு ஹெல்மெட், கையுறை, முழுக்கைச் சட்டையோடு கிளம்புவான். பகல் முழுவதும் ஏசி அறையில் உட்கார்ந்து மதுரை வெயிலின் அருமையைத் தொலைபேசியில் விளக்குவான். இருட்டியபின் வீடு திரும்புவான்.

"எலும்பு, தசை எல்லாத்துக்கும் இது வேணும். முடி வேருக்கும் இதுல பங்கு உண்டு. ஆனா இது ஒண்ணாலதான் கொட்டுதுன்னு சொல்லிற முடியாது. வாரம் ஒரு மாத்திரை, எட்டு வாரம். கை காலுல கொஞ்சம் வெயில் படட்டும். பொறுமையா இருங்க."

கை கால் என்றது அவன் காதில் ஏறவில்லை. கொட்டுவது தலை; ஆகவே காட்டவேண்டியதும் தலை. ஞாயிறு உச்சிவெயிலில் மாடியில் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றான்.

பக்கத்து மாடியில் ராக்கம்மாள் வற்றல் காயவைத்துக்கொண்டிருந்தாள். "ஏப்பா, சும்மாதான நிக்கிறே? காக்கா வந்தா வெரட்டு. கீழ போயிட்டு வாரேன்."

அவள் வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதுவரை விரட்டினான். சாயங்காலம் உச்சந்தலை எரிந்தது. மூன்றாம் நாள் தோல் செதில் செதிலாக உரிந்தது.

"புழுவெட்டுடா" என்று தீர்மானித்த ஒச்சாயி, சின்ன வெங்காயத்தை நறுக்கி அழுத்தித் தேய்த்தாள். அவன் போட்ட அலறலில் பக்கத்து மாடிக் காக்கைகள் தாமாகவே பறந்தன.

அலுவலகத்தில் இம்மானுவேல் வேறு வழி சொன்னான். "மாப்ள, வாரம் ஒண்ணுன்னா எட்டு வாரம். தெனம் ஒண்ணுன்னா எட்டே நாளு. எதுக்கு இழுத்துக்கிட்டு?"

அது நியாயமாகத்தான் பட்டது. ஐந்தாம் நாள் வாந்தி எடுத்துக்கொண்டே மருத்துவரிடம் போனான்.

"இது உடம்புலயே தங்குற சத்துய்யா! கூடிப்போனா ரத்தத்துல கால்சியம் ஏறி, கிட்னியில கொண்டுபோய் விடும். மாத்திரைய நிறுத்துங்க. அடுத்த டெஸ்ட் பாத்துட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் பதினோரு மணிக்கு டீ குடிக்க வெளிய போங்க. சட்டைக் கைய மடிச்சு விட்டுக்கங்க. அது போதும்."

அப்படியே செய்தான். டீக்கடை வாசலில் நிற்கும்போது முழங்கையில் வெயில் விழும். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தும் அதைப் பல வருடங்களாகத் தொடாமலே இருந்திருக்கிறோம் என்று தோன்றும். அசதி குறைந்தது, தூக்கம் வந்தது. அந்தப் பழைய படத்தைப் பற்றி அந்தப் பெண்ணிடம் முதலிலேயே சொல்லிவிடவேண்டும் என்றும் தோன்றும். டீ ஆறுவதற்குள் தைரியம் ஆறிவிடும்.

ஆடி பாதியில் சீப்பில் ஆறே முடி வந்தது. நெற்றியோரம் பூனைமுடி தெரிந்தது. ஒச்சாயி கைகூப்பினாள்.

"அழகரு கண்ணத் தொறந்துட்டாரு! ஆடி முடியறதுக்குள்ள போயிரணும்."

"எங்கம்மா?"

"அழகர்கோவிலுக்குத்தான். கொட்டுறது நின்னா முடி எறக்குறேன்னு வேண்டியிருந்தேன்."

"யாரு முடிய?"

"பெறகு? எனக்கா கொட்டுச்சு?"

"பொண்ணு பாக்கப் போகணும்மா!"

"சாமிகிட்டச் சொன்ன சொல்ல மாத்திட்டு எங்கிட்டுப் போனாலும் வெளங்காது. கெளம்பு."

ஆடிக் கடைசி நாள், முடி இறக்கும் மண்டபத்தில் அழகுராஜா தலையைக் குனிந்து உட்கார்ந்தான். மூன்று மாதம் காத்த தலையில் தண்ணீர் விழுந்தது.

"வேண்டுதல் என்ன தம்பி?" என்றார் கத்தியைத் தீட்டியவர்.

"முடி கொட்டுறது நிக்கணும்னுதான்ணே. வெள்ளிக்கெழம பொண்ணு பாக்கப் போறேன். இந்தத் தலையப் பாத்து அந்தப் பிள்ள என்ன சொல்லுமோ..."

கத்தி பாதியில் நின்றது.

"அட போங்க தம்பி, இப்பத்தான் பேரையூர்க்காரப் பிள்ள ஒண்ணுக்கு எறக்குனேன், அதுக்கும் வெயில் சத்துக் கம்மியாம், அவுக ஆத்தாளும் இதே வேண்டுதலாம், 'போட்டோவுல இருக்கிறது சவுரி முடி, வெள்ளிக்கெழம மாப்ள வந்து பாத்தா என்ன சொல்லுவாரோ'ன்னு அழுதுக்கிட்டே போகுது!"