காலை வாரிய வழக்கு

"இவன் என் காலை வாரி விட்டுட்டான்மா. அதை அப்படியே சொல்லுங்க."

கட்டுப் போட்ட வலது காலை ஒரு ஸ்டூலின் மேல் நீட்டி வைத்துக்கொண்டு தச்சர் சொன்னார். மொழிபெயர்க்க வந்திருந்தவள் யோசிக்கவே இல்லை. யோசிக்க என்ன இருக்கிறது? அடிபட்ட கால் கண்ணெதிரே இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவரும் இரண்டு நாற்காலி தள்ளி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் விசாரணை அதிகாரியிடம் அந்த ஊர் மொழியில் சொன்னாள்.

"இவர் தன் காலைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளிவிட்டாராம்."

அதிகாரி மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "கூட்டுத்தொழில் தகராறு என்றல்லவா மனுவில் இருக்கிறது? இது அடிதடி. நான் காவல்துறைக்குத்தான் அனுப்ப வேண்டும்."

தட்டச்சுக்காரர் படபடவென்று தட்டினார். சுவரைப் பார்த்திருந்தவரின் முகம் வெளுத்தது.

மொழிபெயர்ப்பாளருக்கு வீட்டில் 'அகராதி' என்று பெயர். எந்தச் சொல்லைச் சொன்னாலும் அது எங்கிருந்து வந்தது என்று ஆரம்பித்துவிடுவாள். "உனக்கு அகராதி பிடிச்சிருக்கு" என்று ஒருநாள் கணவர் எரிச்சலில் சொல்ல, அதுவே நிலைத்துவிட்டது. அப்படிப்பட்டவளுக்குத்தான் இப்போது தலையில் சொட்டென்று குட்டு விழுந்தது போலிருந்தது. காலை வாருவது என்றால் நம்பவைத்து ஏமாற்றுவது. பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும்.

"மன்னிக்க வேண்டும். அது ஒரு வழக்கு. இவர் நம்பிக்கைத் துரோகம் செய்தார் என்று பொருள்."

"துரோகத்தில் கால் எப்படி உடையும்?"

நியாயமான கேள்வி. அதைத் தமிழில் தச்சரிடம் கேட்டாள்.

அவர் பெருமூச்சு விட்டார். "இவன் எனக்கு யாருன்னு கேளுங்க. ஒரே பட்டறை. நான் மேஜை நாற்காலியெல்லாம் செய்வேன், இவன் பாலிஷ் போடுவான். பதினெட்டு வருஷம். அவ்வளவு ஏன், எனக்குக் கால்கட்டு போட்டதே இவன்தான்."

அகராதியின் கண் தானாகவே ஸ்டூலுக்குப் போனது. அந்த வெள்ளைக் கட்டு அவ்வளவு பெரிதாக இருந்தது.

"காலுக்குக் கட்டுப் போட்டவரும் இவர்தானாம்."

"உடைத்துவிட்டு, கட்டும் போட்டாரா?" அதிகாரியின் குரல் கொஞ்சம் இளகியது. "சரி, மனிதர் வருந்தியிருக்கிறார். அதையும் பதிவு செய்யுங்கள்."

பின்வரிசை பெஞ்சில் தச்சரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பாலிஷ்காரருக்குத் திடீரென்று இருமல் வந்தது. அப்போதுதான் அகராதிக்கு உறைத்தது.

"கால்கட்டுன்னா... கல்யாணமா?" என்றாள் தச்சரிடம், மெதுவாக.

"வேற என்ன? இதோ பின்னால உக்காந்திருக்காளே, இவன் தங்கச்சி. தலையில கட்டிட்டான்."

தலையிலா, காலிலா என்று அதிகாரி கேட்காமலிருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு, அவள் மறுபடி மன்னிப்புக் கேட்டுத் திருத்தினாள். தட்டச்சுக்காரர் அடித்ததை அழித்தார்.

இனி எந்தக் காலையும் நம்புவதில்லை என்று அவள் முடிவு செய்தாள். அதிகாரி பாலிஷ்காரரின் பக்கம் திரும்பி, ஏன் பட்டறையை விட்டுப் போனீர்கள் என்று கேட்டார். அவர் சுவரைப் பார்த்தே பதில் சொன்னார்.

"நான் பெருசா ஒண்ணும் கேக்கல. கால்தான் கேட்டேன். அதுக்கே இந்த மனுஷன் முடியாதுன்னுட்டாரு."

உவமையும் இல்லை, உடம்பும் இல்லை. நாற்காலி செய்கிற இடம். அகராதி நிம்மதியோடு சொன்னாள்: "இவர் ஒரு நாற்காலிக் கால் கேட்டாராம். அவர் தரவில்லையாம்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "ஒரு மரக்காலுக்காகவா பதினெட்டு வருட உறவு போயிற்று?"

"கால் பங்குங்க," என்றார் பாலிஷ்காரர், அகராதியிடம் பரிதாபமாக. "லாபத்துல நாலுல ஒண்ணு."

இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவள் இப்படித் தடுமாறியதில்லை. காது மடல் சுட்டது. அதிகாரி கோபப்படவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அம்மா," என்றார் அவர், "உங்கள் மொழியில் அந்தச் சொல்லுக்கு என்னதான் பொருள்? முதலிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள்."

அவள் தொண்டையைச் செருமினாள். நடக்கிற கால். நாற்காலிக்கும் கட்டிலுக்கும் கால். நாலு கால் விலங்குக்கு ஒரு கால் நாலில் ஒன்று, அதனால்தான் கால் பங்கு வந்தது என்று சிலர் சொல்வார்கள், உறுதியாகத் தெரியாது. பழைய பாட்டுகளில் காற்றுக்கும் கால் என்றுதான் பெயர். ஓடுவதெல்லாம் கால் போலிருக்கிறது. தண்ணீர் ஓடினால் வாய்க்கால். அந்த ஊர் மொழியில் ஒவ்வொன்றையும் சொல்லி, பக்கத்திலேயே தமிழ்ச் சொல்லையும் சொன்னாள்.

"முக்காலை விட்டுட்டீங்க," என்றார் தச்சர்.

"கால் ஊன்றதையும்," என்றார் பாலிஷ்காரர், சுவரிடம். "ஒருத்தன் சொந்தமா கால் ஊனணும்னு நெனச்சா அது தப்பாயிடுது."

"அகலக்கால் வைக்காதேன்னுதான் சொன்னேன்."

"யாருகிட்ட சொன்னீங்க? என்கிட்ட சொன்னீங்களா? எனக்குக் கடனுக்கு மரம் தர்றதா இருந்த மரக்கடைக்காரன்கிட்ட சொன்னீங்க."

"நீ ஒத்தக் கால்ல நின்னே. உன்கிட்ட என்னத்தைச் சொல்றது?"

"நிக்காம? மரத்தை இழைச்சவன் பேரைத்தான் ஊரு சொல்லுது. பளபளப்புக்குப் பேரு உண்டா?"

அகராதி மொழிபெயர்க்க வாயெடுத்தாள். அதிகாரி கையை உயர்த்தி வேண்டாம் என்றார்.

தச்சர் குனிந்து தன் கட்டைத் தடவினார். "ஏணி மேல ஏறினேன். மேல் தட்டுல இருந்த பலகையை எடுக்க. எப்பவும் கீழே நீ பிடிச்சுக்குவே. பழக்கதோஷத்துல, நீ பிடிச்சிருக்கிறதா நெனச்சுக் காலை வெச்சுட்டேன்."

பாலிஷ்காரர் முதன்முறையாகச் சுவரை விட்டுத் திரும்பினார். அந்தக் கட்டை அப்போதுதான் பார்ப்பவர்போலப் பார்த்தார்.

"ஆளனுப்பியிருந்தா வந்திருப்பேன்ல, மச்சான்."

"எந்த முகத்தை வெச்சுக்கிட்டு அனுப்புறது?"

"வலிக்குதா?"

"ராத்திரியில."

அவ்வளவுதான். பாலிஷ்காரர் எழுந்து வந்து, ஸ்டூலில் நழுவிக்கொண்டிருந்த காலைத் தூக்கிச் சரியாக வைத்தார். கால் பங்கா, அரைப் பங்கா என்பதைப் பட்டறையில் பேசிக்கொள்வதாகத் தச்சர் சொன்னார். அதிகாரி மனுவை மூடினார். தட்டச்சுக்காரர் மட்டும், இவ்வளவு நேரம் அடித்ததெல்லாம் வீணா என்பதுபோல எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார்.

மச்சான் தோளில் கை போட்டு நொண்டிக்கொண்டே தச்சர் படியிறங்கினார். கீழே இருவரும் ஒரு டாக்சிக்காரரோடு வாடகை பேசிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

தாழ்வாரத்தில் அகராதி, தச்சரின் மனைவியைத் தேடிப் போனாள். சம்பளம் வாங்குகிற மனுஷி இத்தனை தப்பு செய்யலாமா என்று மனசு அரித்தது.

"மன்னிச்சுக்குங்கம்மா. இன்னிக்கு உங்க வீட்டுக்காரர் பேச்சையெல்லாம் நான் ரொம்பக் குழப்பிட்டேன். வேற யாராவது வந்திருந்தா ஒழுங்கா முடிச்சிருப்பாங்க."

அந்த அம்மாள் மாடிப்படிப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, அகராதியின் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"ஒழுங்கா முடிஞ்சா என்னத்துக்கு ஆகும்மா? ரெண்டு பேருக்குமே இந்த ஊர்ப் பாஷை தண்ணி பட்ட பாடு, ஆனா அந்தப் பாஷையில கணக்கைத்தான் தீர்த்துக்குவாங்க, தமிழ்ல சண்டை போட்டாத்தான் ராசியாவாங்கன்னு, பாஷை தெரியாதுன்னு சொல்லச் சொல்லி உங்களை வரவழைச்சதே நான்தான்."